துபாயிலிருந்து வந்த மடக்குப் போன்

இன்று அறந்தாங்கியில் உள்ள என் செல்போன் ரிப்பேர் கடைக்கு, துபாயில் இறந்துபோன என் வாடிக்கையாளரின் தம்பி வந்தார். அண்ணனை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்தவர் இவர்தான். சாமான்களோடு வந்த அண்ணனின் மடக்குப் போனை நீட்டினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மொகம்ணே. எனக்குத் தொறக்குமான்னு பாருங்க. மகளுக்குன்னு வீடியோ எடுத்து வச்சிருக்கேன், வந்து காட்டுறேன்னு அண்ணன் சொன்னாரு."

ஆன் செய்தேன். ரகசிய நம்பர் கேட்டது.

"அணைஞ்சு எந்திரிச்சா மொதல்ல நம்பர்தாங்க. அதில்லாம யாராலயும் தொறக்க முடியாது. எல்லாத்தையும் அழிச்சு வேணா தரலாம்."

"வெரல் வச்சா?"

"வெரலும் அப்பறந்தான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒடம்பக் கொண்டாந்திருந்தா வெரல வச்சுத் தொறந்திருக்கலாம்னு அண்ணி எங்கிட்டப் பேசுறதே இல்லண்ணே. இத நீங்களே சொல்லுங்க."

தன் போனில் அண்ணியை அழைத்துக் கொடுத்தார். சொன்னேன். உடம்பு வந்திருந்தாலும் விரலுக்குத் திறந்திருக்காது என்று.

பிறகு அந்தம்மா, "சரிங்கண்ணே. தம்பிய வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

விரலா, முகமா, எது பாதுகாப்பு என்று தினமும் என்னிடம் கேட்கிறீர்கள். நம்பரை வீட்டில் சொல்லி வைத்திருப்பவர்கள் மட்டும் கீழே கமென்ட்டில் கையைத் தூக்குங்கள். என்னால் தூக்க முடியாது.