கன்னம் பதிந்த கட்டை

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "தூக்கக் கலக்கம்டா" என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன், கலக்கம் இருந்தது. மூன்று ராத்திரி கண்விழித்துப் படித்து, தேர்வு எழுதி, தேறமாட்டேன் என்பதையும் உறுதிசெய்துகொண்டு, நான்காம் நாள் அக்கா வீட்டுக்காரரின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் வந்து உட்கார்ந்தவன் நான். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. பேய்க்கே வசதிப்படாத நேரம்.

மாமா வெளியூர் கிளம்பும்போது ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியின் கட்டையை மேசைமேல் வைத்தார். தோளில் முட்டுக்கொடுத்து, கன்னம் வைத்துக் குறிபார்க்கும் மரப்பகுதி. இரும்பையெல்லாம் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்.

"மாப்ள, அஞ்சு மணிக்குப் பெரியவரோட பொண்ணு வந்து வாங்கிக்கும். மெழுகு மட்டும் போடு."

"பாலிஷ்?"

"வேணாம். அதுக்கு மேல்தோலைச் சுரண்டணும். நாப்பது வருஷமா அவர் கன்னம் வச்சு வச்சுப் பதிஞ்ச தடம் போயிடும். இதுல பாதி மரம், பாதி அவருதான்."

துப்பாக்கிக்காரப் பெரியவர் இரண்டு மாதமாகப் படுக்கையில். பேச்சில்லை. துப்பாக்கி மாட்டியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். சுத்தம் பண்ணிப் பக்கத்தில் வைத்தால் மனசு ஆறும் என்று மகள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

தேன்மெழுகு என்றால் துணியில் தொட்டு ஒரு மணி நேரம் கையாலேயே தேய்க்க வேண்டும். என் தோள்கள் இரண்டும் அன்று காலையே ராஜினாமா கொடுத்துவிட்டன. பாலிஷ் என்றால் உப்புத்தாளால் பத்து நிமிடம், தூரிகையால் பத்து நிமிடம். அப்புறம் தூக்கம். மாமாவும் ஊரில் இல்லை.

மணி 2:50. தொழில் வழக்கப்படி, கண்ணில் படாத இடத்தில் முதலில் ஒரு சோதனை. கட்டையின் அடிமுனையில் காசளவு சுரண்டி, ஒரு சொட்டுப் பாலிஷ் வைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது.

3:15. கன்னத் தடத்தில் உப்புத்தாளை வைத்தேன்.

சர்க்... சர்க்...

தூள் பறக்கவில்லை. தாளில் ஈரமாக ஒட்டியது. மரத்தூள் இவ்வளவு சிவப்பாக இருக்காது. பழைய எண்ணெய் ஊறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோம்பேறிக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

சர்க்... ஸ்ஸ்...

இரண்டாவது சத்தம் என்னுடையதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சிழுப்பது போல. கையை நிறுத்தினேன். அது ஒரு நொடி கழித்து நின்றது.

மரத்தின் நார்கள் மெல்ல எழும்பின. தண்ணீர் பட்டால் அப்படி எழும்பும். மேசையில் தண்ணீர் இல்லை.

மயிர் சிலிர்ப்பது போல...

தொட்டேன்.

சுட்டது.

மெழுகை எடுத்தேன். துணியை எடுத்தேன். தேய்த்தேன்... தேய்த்தேன்... போட்ட மெழுகையெல்லாம் மரம் குடித்தது. தோள் வலி எந்த ஊருக்குப் போனதோ தெரியவில்லை.

4:05. ஒரு நீண்ட பெருமூச்சு. சூடு தணிந்தது.

மூச்சு விட்டது நானில்லை.

ஐந்து மணிக்கு மகள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா எப்படி இருக்காருக்கா?"

"அதை ஏன் கேக்கற தம்பி. மூணேகால் இருக்கும். திடீர்னு வலது கன்னத்துல தோல் உரிஞ்சு ரத்தம். நான் பக்கத்துலயே இருக்கேன், ஒரு ஈ கூட உக்காரல. நாலு மணி வாக்குல தானா அடங்கிடுச்சு. முகமெல்லாம் ஒரே தேன் வாசனை."

மெழுகுத் துணியை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

"தாடைக்குக் கீழதான் என்னன்னு புரியல. காசளவு ஒரு இடம்... கண்ணாடி மாதிரி பளபளங்குது. நகத்தால தட்டினா டொக்குனு மரச்சத்தம் வருது. டாக்டரே நாலு தடவை தட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு."

பேசிக்கொண்டே கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அடிமுனையில் அவள் விரல் நின்றது.

"இந்த இடத்துல மட்டும் பாலிஷ் பட்டிருக்கே தம்பி. இதை எடுத்துடேன்."

காய்ந்த பாலிஷை எடுக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு.

மேசையில் கிடந்த உப்புத்தாளை அவளே எடுத்து நீட்டினாள்.