எண்பத்தொரு சதவீதத்தில் ஒரு கணவர்

டிஸ்க் நிரம்பாத வரை நம்மை யாரும் நினைக்க மாட்டார்கள், நிரம்பிவிட்டால் வீட்டுக்குப் போக விட மாட்டார்கள், அப்படி ஒரு தொழில் நம்முடையது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபயர்வால் என்பது ஒரு கம்பெனியின் நெட்வொர்க்குக்கு வாசல் காவல்காரர். வருகிறவர், போகிறவர் எல்லாரையும் நிறுத்திப் பார்த்து, ஒவ்வொன்றையும் லாக் என்ற பெயரில் எழுதி வைக்கும். முன்பு அது இரும்புப் பெட்டியாக இருந்தது. இப்போது கிளவுடில், எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டருக்குள் வெறும் மென்பொருளாக உட்கார்ந்திருக்கிறது. எழுதி எழுதி அதன் டிஸ்க் நிரம்பும். முழுதாக நிரம்பினால் எழுதுவதை நிறுத்திவிடும், சில சமயம் நம்மையே உள்ளே விடாது. எண்பது சதவீதம் தாண்டியதும் எங்களுக்கு அலாரம் அடிக்கும். வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்கிப் பழைய லாக்குகளை அழிக்க வேண்டும். ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வயிற்றெரிச்சலோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் காட்டுங்க

பீன்யா தொழிற்பேட்டையில் போல்ட், நட் செய்யும் முதலாளி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். ஓசூர்ப் பக்கத்துத் தமிழர். அவருடைய ஃபயர்வால் மாதத்துக்கு ஒரு முறையாவது நிரம்பும், நானும் போன் செய்து இடம் போதவில்லை என்பேன். ஒரு நாள் மனிதர் நேரில் வந்துவிட்டார். இத்தனை இடம் அடைக்கிற அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார்.

பெட்டியே கிடையாது என்று எப்படிச் சொல்வது என எனக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அருள்தான் அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, திரையில் சிவப்புக் கோடு ஏறுவதைக் காட்டினார். மற்றவர்களிடம் எரிந்து விழும் அந்த முதலாளி அருளிடம் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு இடம் எப்படிம்மா பத்தாமப் போகும்?"

ஆறரை மணி கால்

அந்த அருள்தான் என் கணவர். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வளர்ந்த காதல், பிறகு கல்யாணம். ஜீவனஹள்ளியில் அவர் அம்மாவோடு குடித்தனம். கனடாவில் ஒரு தானியக் கம்பெனி, தங்கள் ஃபயர்வால்களைப் பார்க்க ஓர் ஆள் தங்கள் ஊரிலேயே வேண்டும் என்று கேட்டது. ஒரு வருஷம்தான் என்று சொல்லி அருளை அனுப்பினார்கள். நான் கூடப் போக விசாவுக்கு வழியில்லை.

போன் இருக்கிறதே என்பீர்கள். காலையில் அவர் கூப்பிட்டால் அத்தைதான் எடுப்பார்கள். சர்ச்சுக்கு யார் வந்தார்கள், தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்பதெல்லாம் முடிந்து போன் என் கைக்கு வரும்போது எனக்கு பஸ் வந்துவிடும், அவருக்கு அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்திருக்கும். நான் வீடு திரும்பும் நேரம் அவர் வேலையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் போனுக்கு வரிசை கட்டுவார்கள். எங்களுக்கென்று பேச மிஞ்சியது ஹேண்டோவர் கால் ஒன்றுதான். மாலை ஆறரைக்கு, அங்கே காலை ஏழுக்கு, அன்றைய நிலவரத்தைக் கனடாவிடம் ஒப்படைக்கும் கால். ஆங்கிலத்தில் பேச வேண்டும், பேச்சு பதிவாகும், இரண்டு பக்கமும் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஃபயர்வாலுக்கும் எத்தனை சதவீதம் என்று நான் படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "நோட்டட்" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்காக நாள் முழுக்கக் காத்திருந்தேன். ஜலதோஷம் பிடித்திருக்கிறதா, தூங்கினாரா, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்று அதை வைத்தே கண்டுபிடிக்கப் பார்ப்பேன். அருள் போன பிறகு அவர் நாற்காலிக்கு வந்தவன் நாகராஜ். தும்கூர்க்காரன், ஜோகுபாளையத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் குடியிருந்து தமிழ் கற்றவன். ஒரு நாள் கால் முடிந்ததும் மெதுவாகக் கேட்டான். "யாக்கே மேடம், எதுக்கு எழுபத்தொம்பதைப் போய் இவ்ளோ ஆசையா படிக்கிறீங்க?"

நாகராஜ் வைக்கும் மிச்சம்

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கனடா ஃபயர்வால்களில் ஏதாவது ஒன்று தினமும் ஆறரைக்குச் சரியாக எண்பத்தொன்றில் நிற்கும். எண்பதுக்குக் கீழே இருந்தால் பேச ஒன்றும் இல்லை, படித்துவிட்டு நகர வேண்டியதுதான். தாண்டிவிட்டால் எதை அழிப்பது, எதை வைப்பது என்று நானும் அருளும் கலந்து பேசியாக வேண்டும். கால் மணி நேரக் கால் அரை மணி நேரமாக நீண்டது. லாக் பற்றித்தான் பேசினோம். ஆனாலும் நாங்கள் இருவர்தானே பேசினோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

மற்றதையெல்லாம் மத்தியானமே சுத்தம் செய்துவிட்டு ஒன்றை மட்டும் நாகராஜ் தொடாமல் விட்டுவைக்கிறான் என்பதை எங்கள் மேனேஜர் சையத் சார்தான் கண்டுபிடித்தார். அவனைக் கேபினுக்குக் கூப்பிட்டார். மெமோதான் என்று நினைத்தேன். நாகராஜ் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, சார் தன்னிடம் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னான். "எண்பத்தஞ்சைத் தாண்ட விடாதே, அதுக்குள்ள பேசி முடிச்சுக்கச் சொல்லு."

அழிக்க மனசு வராத மேடம்

பொம்மனஹள்ளியில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சரோஜா மேடம் என்று ஒருவர். எங்களுக்கு அனுமதி தர வேண்டியவர் அவர். எதையும் அழிக்கச் சம்மதிக்கவே மாட்டார். பழைய லாக் எதற்கு என்றால், என்றைக்காவது தேவைப்படும் என்பார். தொண்ணூற்றிரண்டு தொட்ட ஒரு நாள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

டீமில் எல்லாரும் அவரைக் கேலி செய்வார்கள். என்னால் முடியவில்லை. அந்த வாரம்தான் என் போனும் இடம் இல்லை என்று கைவிரித்திருந்தது. என் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஒரு போட்டோ எடுக்க முடியவில்லை. இடத்தை அடைத்தது எல்லாம் அருள் வேலைக்கு நடந்து போகும்போது அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். பாதிக்கு மேல் பேச்சே இருக்காது, பனியில் பூட்ஸ் நெறுநெறுவென்று மிதிபடும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். ஊரார் குப்பையை அழிப்பதே தொழிலாக இருக்கிறவள் நான். அவற்றில் ஒன்றைக்கூட அழிக்கக் கை வரவில்லை. சரோஜா மேடம் கடைசி நிமிஷத்தில் வைத்த நிபந்தனைகூட எனக்கு நியாயமாகத்தான் பட்டது. "எல்லாத்தையும் ஒரு தடவை காட்டிடுங்கம்மா, பார்த்துட்டு அழிச்சுடலாம்."

தானாகச் சுத்தம்

ஒரு வருஷம் முடியப் போகும் சமயத்தில் சையத் சார் என்னைக் கூப்பிட்டார். டிஸ்க் நிரம்பும்போது தானே பழையதை அழித்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுத முடியுமா என்றார். கனடாக்காரர்களிடம் பேசிவிட்டாராம். ஒரு மாதம் யார் கையும் படாமல் ஓடிவிட்டால் அங்கே ஓர் ஆள் தேவையில்லை, அருள் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பார். இல்லாவிட்டால் இன்னும் நீட்டிப்பார்கள்.

இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. நாகராஜ் ஒவ்வொரு வரியையும் சோதித்தான். அத்தை ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டார்கள், அருளின் அலமாரியில் வைத்திருந்த போர்வைகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. எந்த ஃபயர்வாலும் எழுபதைத் தாண்டவில்லை. ஹேண்டோவர் கால் ஐந்து நிமிஷமாகச் சுருங்கியது. ஒரு மாலை வெறும் ஆறு "நோட்டட்" கேட்டதோடு கால் முடிந்துபோனது. நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததை நாகராஜ் பார்த்துவிட்டான். "ஆளே வரப்போறாரு மேடம், இன்னும் எதுக்கு ஹெட்போன்?"

அழித்தும் காலியாகாத இடம்

கடைசி வாரம். மத்தியானம் கனடா ஃபயர்வால் ஒன்று தொண்ணூற்றேழில் நின்றது. என் புரோகிராம் அழித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் இடம் காலியாகவில்லை. அனுபவப்பட்டவர்களுக்கு இது புரியும். ஒரு ஃபைலை அழித்தாலும், அதை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால், பெயர் போகுமே தவிர இடம் கிடைக்காது. யாரோ டீபக்கை ஆன் செய்திருந்தார்கள். ஏதாவது கோளாறு வந்தால் அதைக் கண்டுபிடிக்க, நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுத வைக்கும் வசதி அது. வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டும். மறந்தால் ஒரே நாளில் டிஸ்க்கை விழுங்கிவிடும். நம்மில் மறக்காதவர் யார்?

டீபக்கை நிறுத்தியதும் இடம் கிடைத்துவிட்டது. அழிக்கும் முன்பு டீபக்கைத் தானே நிறுத்தும்படி மறுநாளே புரோகிராமையும் மாற்றினேன். ஆனால் அதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. அந்தத் தானியக் கம்பெனியில் எங்களுக்குப் பொறுப்பு ஹெலன் என்ற அம்மையார், நல்ல மனுஷி. ஹேண்டோவர் காலில் அவரே வந்தார். புரோகிராம் அருமை, ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் நிம்மதி, அருளை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்கிறோம் என்றார். நான் அருளின் மனைவி என்பது அவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். "இவ்வளவு பொறுப்பான பையனை அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை."

யார் மறந்தது

டீபக்கை யார் ஆன் செய்தார்கள் என்று தேடினேன். அருளின் லாகின். முந்தின நாள் காலை, அங்கே ஏழு மணி ஆகச் சற்று முன்பு. ஏதோ ஒரு கிளை ஆபீஸுக்கு இணைப்பு கிடைக்கவில்லை என்று ஆன் செய்திருக்கிறார், அணைக்கவில்லை. பத்து வருஷமாக இந்த வேலையில் இருப்பவர், எனக்கே டீபக்கை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவர். மறந்தாரா, வர மனசில்லையா? அந்த ஊர் பிடித்துவிட்டதா? பஸ்ஸில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் என் ஸ்டாப்பைத் தாண்டி காக்ஸ் டவுன் வரை போய்விட்டேன். அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாள் காலை போன் வந்ததும் அத்தையை முந்திக்கொண்டு நானே எடுத்தேன். சாப்பிட்டாயா என்றுகூட அவரைக் கேட்க விடவில்லை. வர இஷ்டம் இல்லையென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், டிஸ்க்கை நிரப்ப வேண்டாம் என்றேன். மறுபக்கம் எதுவோ தீய்கிற சத்தம் கேட்டது, அவர் அடுப்பை அணைக்கப் போகவில்லை. பிறகு சொன்னார். "நிறுத்தத்தான் போனேன் ஸ்டெல்லா. ஏழு ஆச்சு, நீ லைன்ல வந்துட்டே, அதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை."

கண்டவர்களையும் உள்ளே விடாமல் காப்பதில் எங்கள் கம்பெனிக்கு நல்ல பெயர் உண்டு, அந்தக் கண்டவர்களில் என் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் என் ஒரே புகார்.