தொரசானியின் நோட்டு

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். வீட்டுக்காரம்மா ராமக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் ஆபீஸிலிருந்து செக்யூரிட்டி நாயுடு சார் வந்திருந்தார். அவர் பக்கத்தில் பைலோடு ஒரு கிளார்க். தூணுக்குப் பின்னால் நான். நடுவில் தொரசானி. ஆக ஏழு பேர். உள்ளே ஸ்டவ்வில் டீ பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வராண்டா முழுக்க அடித்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டு அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் எட்டாவதோடு படிப்பு நின்றது, அதனால் எழுதத் தெரிந்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். பின்பக்கத்து இரண்டு ரூமில் நாங்கள். முன்பக்கத்து ஒற்றை ரூமுக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவி குடி வந்தாள். தெருவில் எல்லோரும் "தொரசானி" என்றார்கள். தெலுங்கில் வெள்ளைக்காரத் துரை வீட்டம்மாவுக்குச் சொல்கிற பேர். அவள் சொந்தப் பேரை நாங்கள் கேட்கவே இல்லை.

அப்பா ஆபீஸ் பஸ் ஓட்டினார். சாதாரண ஆபீஸ் இல்லை, ராணுவத்துக்குச் சாமான் செய்கிற இடம். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு ரூல். வெளிநாட்டு ஆளோடு பேச்சு வைத்துக்கொண்டால் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மாட்டினால் வேலை போகும். இப்போது வெளிநாட்டு ஆள் எங்கள் கொடிக்கம்பியில் துணி காயப்போடுகிறாள்.

அப்பா அரக்கோணத்துக்காரர். பேச்சு கம்மி, சிரிப்பு சுத்தமாக இல்லை. கல்யாண போட்டோவில்கூட யாரோ திட்டினது மாதிரி நிற்பார். வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"அவளுக்கு இந்தி தெரியுது. அதுவே சரியில்ல."

தெரிந்த இந்தி ஏவுகிற இந்திதான். இதர் ஆவ், பானி லாவ், ஜல்தி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அம்மா அதைச் சொன்னாள்.

"அதான் சொல்றேன். ஏவறதுக்கு மட்டும் கத்துக்கினு வந்துகிறா" என்றார் அப்பா.

காலை ஏழரைக்கு எங்கள் கேட்டு பக்கத்தில்தான் ஆபீஸ் பஸ் நிற்கும். பத்து நிமிஷம் முன்னாலேயே ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். தொரசானி கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற நேரத்துக்கு அவள் மடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஏதோ எழுதி மூடுவாள். தினமும் இதே. அப்பா கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நானும் அம்மாவும் அந்த நேரத்தில் தெருமுனைக் குழாயில் குடத்தோடு நிற்போம், அதனால் எதையும் பார்க்கவில்லை.

ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பால் வாங்கிக் குடுக்க உள்ள போறல்ல. அந்த நோட்டுல இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வா."

"நக்கோப்பா" என்றேன். வேண்டாம் என்பதைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும்.

"கைக்கு நக்கோ? ஏன் வேணாங்குற? எனக்கு வேல போனா சோறு நீ போடுவியா?"

போனேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். மூலையில் பூட்டின இரும்புப் பெட்டி. மேஜை மேல் ஒரு போட்டோ, அதில் வயசுப் பெண்ணாக அவளே, தலையில் வெள்ளைக் குல்லா, கையில் ட்ரே. பக்கத்தில் நோட்டு. திறந்தேன். தேதி, எதிரே ஒரு எண். தேதி, எண். வேறு ஒரு எழுத்து இல்லை. ஆறு, ஒன்பது, ஏழு, ஒன்பது. மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன்.

அப்பா முகம் வெளுத்தது. "நேத்து இந்த ஸ்டாப்புல ஏறினது எத்தினி பேரு தெரியுமா? ஒன்பது."

"ஒருநாள் ஒத்துப் போச்சுன்னா?" என்றாள் அம்மா.

"நான் சொல்லலன்னா வேற எவனாவது சொல்லுவான். அப்ப என்னையும் சேத்து எழுதுவான்."

மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் மேலே சொன்ன ஏழு பேர்.

நாயுடு சார் இங்கிலீஷில் கேட்டார். கிளார்க் எழுதிக்கொண்டான். எங்களுக்காக அவனே தெலுங்கிலும் சொன்னான். அவள் கதை எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான், ஸ்டேட்மென்டாக.

பிறந்தது இங்கேதான், திருமல்கிரி ராணுவ ஆஸ்பத்திரியில். அப்பன் பட்டாளத்தில் பேண்டு வாசித்தவன். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அங்கே கடற்கரை ஊர் ஒன்றில் அவள் அம்மா ஆட்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டாள். வந்து தங்குபவர்கள் நாடகக்காரர்கள். பதினைந்து வயதில் ஒருநாள் அவர்களில் ஒருத்திக்கு ஜுரம். வேலைக்காரி வேஷம், ட்ரேயைக் கொண்டுபோய் வைத்தால் போதும் என்று இவளை ஏற்றினார்கள். பயத்தில் தடுக்கி விழுந்தாள். ஜனம் சிரித்தது. மறுநாள் வேண்டுமென்றே விழுந்தாள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒழுங்காக விழக் கற்க எட்டு மாசம் ஆனதாம்.

அப்புறம் நாற்பது வருஷம். நாடகத்தில் வேலைக்காரி, டிவியில் வேலைக்காரி. பேர் மாறும், ட்ரே மாறாது. வயது ஏறினதும் மாமியார். அதன் பிறகு உயில் எழுதாமல் இழுத்துக்கொண்டே கிடக்கிற அத்தை. முட்டி போனதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறந்த ஊரைப் பார்க்க வந்தாள்.

"பாக்க வந்தவ அஞ்சு மாசமா ஏன் போகல?" என்றார் அப்பா. அதையும் கிளார்க் எழுதிக்கொண்டான்.

ராமக்கா அந்தப் போட்டோவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நடிகையாம். நிஜமாவே ஏதோ வீட்ல பனிமனிஷியா இருந்திருப்பா. குல்லாவப் பாரு." பனிமனிஷி என்றால் வேலைக்காரி.

நாயுடு சார் நோட்டைத் தூக்கிக் காட்டினார். இது என்ன எண்?

சிரிப்பு, என்றாள்.

"எந்தச் சிரிப்பு?"

காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைச் சிரிக்க வைப்பாளாம். எத்தனை தடவை சிரித்தார்கள் என்று குறித்து வைப்பாளாம். நாடகக் காலத்திலிருந்து பழக்கமாம். நேற்றைவிட ஒன்று குறைந்தால் எந்த இடத்தில் குறைந்தது என்று தேடுவாளாம். புன்னகை கணக்கில் வராது, சத்தம் வர வேண்டும்.

கிளார்க் பேனாவை நிறுத்தினான். யாரும் நம்பவில்லை. நானும்தான். பஸ்ஸில் போகிறவர்கள் ஒருவரும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. எப்படி விடுவார்கள்? வெள்ளைக்காரியோடு சேர்ந்து சிரித்தேன் என்று எழுதிக் கொடுக்க எவனுக்குத் துணிச்சல்.

அப்போது அம்மா ட்ரேயில் புது டீ கொண்டுவந்தாள். தொரசானி எழுந்து ட்ரேயை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஓர் அடி வைத்தாள். கப்பு சாசரில் கடகடவென்று ஆடியது. நின்றாள். கப்பை முறைத்தாள், தப்பு அதனுடையது என்பது போல. கப்பு அடங்கியது. அடுத்த அடி, மறுபடி கடகட. நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்தாள். இப்போது அந்தக் கையும் நடுங்கத் தொடங்கியது. முதலில் சிரித்தது ராமக்காதான். பிறகு கிளார்க். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பு நிற்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் நாயுடு சார் முன்னால் போய் நீட்டினாள். அவர் கப்பை வாங்கினார். அவர் கையில் அது கடகடவென்று ஆடியது. தன் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெரிதாகச் சிரித்தது அவர்தான்.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று.

அப்பா சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். தொரசானி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி அன்றைய எண்ணை எழுதி மூடினாள்.

நாயுடு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சது சிரிச்சதுதான், எழுதறது எழுதறதுதான்" என்று கிளார்க்கைத் தெலுங்கில் திரும்பச் சொல்லச் சொன்னார். ஆபீஸ் டிரைவர் இருக்கிற காம்பவுண்டில் வெளிநாட்டு ஆள் இருக்கக் கூடாது. ஒன்று டிரைவர் போக வேண்டும், இல்லை அவள். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று ராமக்கா அவளிடம் சொல்லிவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மறுநாளிலிருந்து எதிர் பக்கத்தில் நின்றார்கள். எதிர் பக்கத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை.

அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் இல்லை, ஆள் இல்லை. இரும்புப் பெட்டியை ஆட்டோவில் ஏற்ற முடியாமல் நின்றாள். அப்பா போய் ஏற்றினார். நான் ஜன்னலில் இருந்தேன், அப்பா முதுகைக் காட்டி நின்றதால் முகம் மட்டும் தெரியவில்லை. அவள் கை கொடுக்க நீட்டினாள். கை கடகடவென்று ஆடியது, ட்ரே இல்லாமலே. அப்பா தன் கையை நீட்டினார். அதுவும் ஆடியது. அப்பாவின் தோள் இரண்டு தரம் குலுங்கியது.

"பீடியை விடச் சொன்னா கேட்டாத்தான, எப்பிடி இருமறார் பாரு" என்றாள் அம்மா.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் தொரசானி எதையோ எழுதி, நோட்டை அப்பா கையில் திணித்தாள். அப்பா உள்ளே வந்து அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"இன்னாது?"

"சாட்சிக்கு. நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும்."

யாரும் கேட்கவில்லை. அவள் எங்கே போனாள் என்றும் தெரியவில்லை. கடைசி வரைக்கும் அப்பா அவளை வேவு பார்க்க வந்தவள் என்றுதான் சொன்னார். நடிகை என்றால் பெட்டியை ஏன் பூட்டி வைத்தாள் என்பார். அந்த வீட்டில் வேவு பார்த்தது நான் ஒருத்திதான். அதை நான் சொன்னதில்லை.

இப்போது குஷாய்குடாவில் இருக்கிறேன். நாச்சாரத்தில் பேக்கிங் வேலை. மாரெட்பள்ளி காம்பவுண்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். கேட்டு இல்லை. ஆபீஸ் பஸ் இப்போது மெயின் ரோட்டில் நிற்கிறது. ராமக்கா இல்லை, அம்மா இல்லை. போன வருஷம் அப்பாவும் போனார். காரியம் முடிந்து டிரங்கைத் திறந்தேன். நோட்டு அடியில் இருந்தது.

விசாரணை நடந்த தேதியைத் தேடினேன். அவள் பொய் எழுதியிருப்பாள் என்றே நினைத்தேன். எதிரே பதினொன்று.

அதற்குக் கீழே பல தேதிகள், எல்லாவற்றுக்கும் எதிரே சைபர். கடைசி வரியில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. எதிரே எண்.

ஒன்று.