முனியம்மாவின் பேச்சைத் திருத்திய கதை

தேரடி வீதித் தட்டச்சுப் பள்ளியின் உரிமையாளர் இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை அறிவித்தார். இனிமேல் அங்கே எந்தப் பேட்டியும் கொச்சைத் தமிழில் அடிக்கப்படாது. மாணவிகள் நால்வர் தட்டுவதை நிறுத்திக் கேட்டார்கள்.

முதல் பலி முன்பே விழுந்திருந்தது: நான் அடிக்கக் கொடுத்திருந்த கேசட். கீழ்பென்னாத்தூர் கடலை மில்லில் இரண்டு விரல்களை இழந்த முனியம்மாவை என் ஆராய்ச்சிக்காகப் பேட்டி கண்டு பதிவு செய்தது. வெள்ளிக்கிழமை நடக்கும் நஷ்டஈட்டு விசாரணைக்கும் அதுவே வாக்குமூலம்.

முனியம்மா சொன்னது எனக்கு மனப்பாடம்: “கை மாட்டிக்கிச்சு, மிஷின நிறுத்துங்கடானு கத்தறேன். இந்த மூட்ட முடியட்டும்டினான் மொதலாளி.”

தாளில் இருந்தது: “பணியின்போது சிறு அசௌகரியம் ஏற்பட்டது. முதலாளி அவர்கள் பொறுமை காக்குமாறு அறிவுறுத்தினார்.”

“ரெண்டு விரல் எங்க சார்?”

“அதான் அசௌகரியம்னு போட்டிருக்கேனே. ஆபீசர் முன்னாடி வாடா போடானு படிச்சா அந்தம்மாவுக்குத்தாங்க அசிங்கம்.”

“கேசட்டக் குடுங்க. நானே கையால எழுதிக்கிறேன்.”

“அடிச்சு முடிச்ச கேசட்டுதானேங்க? நேத்து பூஜை பஜனைய அதுல புடிச்சிட்டோம். சத்தம் கொஞ்சம் கம்மி, மத்தபடி அருமை.” போட்டும் காட்டினார். ஜால்ரா நன்றாகவே கேட்டது.

“முனியம்மாவுக்கு இதப் படிச்சாவது காட்டினீங்களா?”

“எதுக்குங்க? அவங்க சொன்னதுதானே.”

இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டலாம் என்று நண்பர்கள் எழுதுங்கள். நல்ல தமிழில் இருக்கட்டும், இல்லையென்றால் அடித்துத் தர மாட்டார்.

முனியம்மா நேற்றே பள்ளிக்கு வந்து, அவர் அடித்த மூலத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். இன்று காலை அது விசாரணை அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. என்னிடம் இருப்பது கார்பன் பிரதி.