கட்டைவிரல் வைத்தியம்

தண்டையார்பேட்டையில் எங்களுடன் இருக்கும் மாமனாருக்குச் சர்க்கரையும் உண்டு, மறதி நோயும் உண்டு. அவர் வைத்தியத்தை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய என்று கணவரின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். தினமும் சர்க்கரை மீட்டரைப் படமெடுத்துப் போடுவோம்.

ஒருநாள் காலை மீட்டர் 390 காட்டியது. “இன்சுலின ஏத்திப் போடு” என்று அண்ணன் எழுதினார். நாத்தனார்கள், சித்தப்பா எல்லோரும் உடனே கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். “நைனா எப்டி கீறாரு?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கணவர் ஊசியோடு வந்தார். நான் மாமனாரின் கையைப் பிடித்தேன். பிசுபிசுவென்றிருந்தது.

“இன்னா மாமா துன்னீங்க?”

“ஒன்னியும் துன்னலம்மா.”

உண்மைதான். சட்டைப் பையில் ஜிலேபி முழுசாக இருந்தது. எடுத்து வைத்தவர் தின்ன மறந்துவிட்டார். விரலில் ஒட்டிய பாகைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது! கை கழுவிப் பார்த்தால் 128. அந்த ஊசியைப் போட்டிருந்தால் ஆளே மயங்கியிருப்பார்.

நடந்ததை எழுதிப் புதுப் படத்தையும் போட்டேன். அதற்கும் அதே கட்டைவிரல்கள். சீ என்றாகிவிட்டது.

இப்போது கை கழுவாமல் சோதிப்பதில்லை. டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றுவதில்லை. கருத்து சொல்கிறவர்கள் முதலில் வீடியோ காலில் வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பொம்மை விரலுக்கு எங்கள் வீட்டில் ஓட்டு கிடையாது.