இரண்டு தரம் வார்த்த தண்ணீர்

என் பெரியப்பா பொய் சொன்னார். நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டின் வீடியோவில் மாமி எனக்கு முதல் தண்ணீர் வார்க்கிறார். கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் சொந்தக்காரரின் அலுமாரிகளில் இருக்கும் டிவிடிகள் எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. அது பொய். எனக்கு முதல் தண்ணீர் வார்த்தது பக்கத்து வீட்டு மாலி அன்ரி. அவரை வீடியோவிலிருந்து வெட்டி எறியச் சொன்னவர் பெரியப்பா.

மாலி நாட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். பாரிசின் லா சப்பலில், நாலாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவருடையது. அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவார், அப்பா உணவகத்தில் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டால் நான் மாலி அன்ரி வீட்டில்தான். நான் பெரியபிள்ளையானதும் அங்கேதான். நான் பயந்து அழுதேன். அவர் கைதட்டினார். பிறகு இஞ்சி இடித்துத் தேனீர் போட்டுத் தந்து, அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பெரியப்பா எங்கள் குடும்பத்தில் பாரிசுக்கு முதலில் வந்து இறங்கியவர். அதனால் எந்த விசேஷத்துக்கும் அவர்தான் அதிகாரி. ஐயரிடம் நாள் கேட்டு வந்ததும் அவர்தான். காலை ஒன்பதரைக்குள் தண்ணீர் வார்த்துவிட வேண்டும். அதைத் தாய்மாமனும் மாமியும் செய்ய வேண்டும். அவர்கள் புறநகரான கூசேன்வில்லில் இருந்து வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து ரெயில் நடுவழியில் நின்றுவிட்டது.

எங்கள் குளியலறையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நான் பாவாடை சட்டையோடு தொட்டிக்குள் ஒரு பலகையில் இருக்கிறேன். வீடியோ அண்ணை கழிப்பறை மூடியின் மேல் ஏறி நிற்கிறார். கைகழுவும் தொட்டிக்குள் நிறைகுடம். பெரியப்பா வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார். அப்பா மண்டபத்தில் கதிரை அடுக்குகிறார். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. பலகாரத் தட்டுத் தூக்க வந்த மாலி அன்ரி மட்டும் நடையில் நிற்கிறார்.

"அத்தான், நேரம் போகுது. அவ தண்ணி வாக்கட்டும்" என்றார் அம்மா.

"உனக்கென்ன விசரே? காப்பிலியின்ரை கையாலையோ? சனம் என்ன சொல்லும்?" என்றார் பெரியப்பா. கறுப்பினத்தவரை அவர் அப்படித்தான் சொல்வார்.

"உந்தச் சனம் ஒரு நாள் வந்து என்ரை பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்ததோ? நீங்களும் அவவும் கிட்டக் கிட்ட நிண்டியளெண்டா, எந்தக் கை ஆற்றையெண்டு கமராவுக்கே விளங்காது. தள்ளி நில்லுங்கோ."

வீடியோ அண்ணை சிரித்துக் கீழே விழப் பார்த்தார்.

மாலி அன்ரி குடத்துத் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தார். கைக்குழந்தைக்குப் பார்ப்பது மாதிரி. சூடு காணாதென்று கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்தார். தன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மெதுவாக வார்த்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன் வயிறு நிறையட்டும், உன் வாய் ஓயாமல் இருக்கட்டும்" என்றார் பிரெஞ்சில். இரண்டும் பலித்தன.

இனவெறியை ஒழிக்க அம்மா அன்றைக்கு எந்தத் திட்டமும் போடவில்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல கை வேண்டியிருந்தது. அது கதவடியில் நின்றது. இதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறதென்றால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பதினொரு மணிக்கு மாமாவும் மாமியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா என்னிடம் வந்து, "கமரா பிழைச்சுப் போச்சு பிள்ளை. திரும்ப ஒருக்கா தண்ணி வாப்பம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாருக்கு இரண்டு தரம் கிடைக்கும்? ஓடிப்போய்த் தொட்டிக்குள் ஏறினேன். வெளிச்சம் காணாதென்று வீடியோ அண்ணை விளக்கைப் பிடிக்க ஆள் தேடினார். மாலி அன்ரி வாங்கிப் பிடித்தார். மாமி வார்த்த தண்ணீர் பச்சைத் தண்ணீர். நான் கத்திய கத்தில் மாமா காதைப் பொத்தினார்.

மண்டபத்தில் நல்ல நாள். பொய் சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்களில் ஒன்று. மாலி அன்ரி பொன் நிறத்தில் நீள அங்கி போட்டு வந்து, நாலு வடை சாப்பிட்டு, என் மச்சாள்மாரை எல்லாம் இழுத்து வைத்து ஆடினார்.

டிவிடி வந்ததும் எங்கள் சோபாவில் என் பக்கத்தில் இருந்துதான் பார்த்தார். திரையில் மாமி குடத்தைத் தூக்கினார். நான் நடுங்கினேன். பாருங்கோ, பாருங்கோ என்று நான் அவர் கையைப் பிடித்து ஆட்டினேன்.

"வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது" என்றார் மாலி அன்ரி.

நானும் ஓம் என்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா ஏன் எழும்பிக் குசினிக்குள் போனார் என்பதும் தெரியவில்லை.

போன மாதம் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் மரக்கறி வாங்கும்போது வீடியோ அண்ணையைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. "தங்கச்சி, அண்டைக்குக் கமரா பிழைக்கேல்லை. உங்கடை பெரியப்பா வெட்டச் சொன்னார், வெட்டினன்" என்றார். மனதில் கிடந்திருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார்.

அந்த மரக்கறிக் கடைக் கண்ணாடியில் பெரியப்பாவின் படம் ஒட்டியிருந்தது. வருகிற ஞாயிறு, இனவெறிக்கு எதிரான கூட்டத்தில் அவர் பேசுகிறாராம். பேசட்டும். பொபினி குடிவரவு அலுவலகத்தில் அகதி விசாவுக்கு வரிசையில் நின்றபோது அவரை நாய் மாதிரி விரட்டியிருக்கிறார்கள். அது உண்மை. அந்தக் கோபமும் நியாயம்.

ஆனால் பெரியப்பா, நானும் வருவேன். மாலி அன்ரியைக் கூட்டிக்கொண்டு வருவேன். முன்வரிசையில் இருப்போம். உங்கள் பேச்சை முடித்த பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவரை ஏன் வெட்டினீர்கள்? வீட்டுக்கு வா, தனியே கதைப்போம் என்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, சனத்துக்கு முன்னால், அவருக்கும் விளங்கும்படி பிரெஞ்சில் சொல்லுங்கள்.