தராசில் தொங்கிய துவக்கு

திருகோணமலை மீன் சந்தையில் மரியமலரோடு விலை பேசித் தப்பியவர்கள் குறைவு. கத்தியை ஓங்கினால் பாரையின் தலை ஒரே வெட்டில் பறக்கும். வாயைத் திறந்தாலும் அதே வெட்டுத்தான். அப்படிப்பட்ட மனுசிக்கும் ஒரு பயம் இருந்தது. பன்னிரண்டு வயது மகள் நிலுஷா ஒன்றுக்கும் ஆசைப்படாமலே வளர்ந்துவிடுவாளோ என்ற பயம். பிறந்ததிலிருந்தே பிள்ளையின் கைகள் நெஞ்சுக்கு மேலே எழும்பாது.

கடைசியில் அவள் ஆசைப்பட்டதும் எதற்கு? துவக்குச் சுடுவதற்கு! றிஷானா ரீச்சர் பள்ளிக்கூடத்துக் காற்றுத் துவக்கை சுருள்வில் பூட்டிய மரத்தாங்கியில் ஏற்றிக் கொடுத்தார். துவக்கின் பாரத்தை அந்தத் தாங்கியே சுமந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி விரலை மட்டும் அசைத்தாள் நிலுஷா. குறி தப்பவில்லை. மாகாண அணித் தெரிவுப் போட்டிக்கு அவள் பெயர் போனது.

தகப்பன் ஜக்சனுக்கு மறைத்தார்கள். சிறுவயதில் அண்ணன் ரஞ்சனை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் கண்டவன் அவன். யேசு பிறந்த நத்தாருக்குக்கூட அந்த வீட்டில் வெடி கொளுத்துவதில்லை. தெரிவுக்கு முதல்நாள் தன் ஓட்டோவின் பின்சீற்றுக்குக் கீழே, பிள்ளை பையோடு கொண்டுவந்து மறந்துபோன தாங்கியைக் கண்டு கேட்டான். பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை. கோடாலியை எடுத்துத் தாங்கியைக் கொத்தினான்.

"என்ர பிள்ளை துவக்குத் தூக்கிறதோ?"

தடுக்கப்போன மரியமலரைத் தள்ளிய தள்ளில் அவள் தலை சுவரில் அடிபட்டது. எழும்பி வந்து மீன்கத்தியின் பிடியால் அவன் நெற்றியில் ஒன்று போட்டாள். தோல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

"அவளுக்குத் தூக்க ஏலாது எண்டுதானே அந்தத் தாங்கி! நாசமாய்ப் போவீங்கள்!"

விடிய, மரியமலர் சந்தையில் மீனைத் தொங்கவிட்டு நிறுக்கும் வில் தராசோடு மகளையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். உடைந்த தாங்கிக்குப் பதிலாகச் சுடும் மேசைக்கு மேலே குறுக்குத்தடியில் தராசைக் கட்டி, கொளுக்கியில் துவக்கைத் தொங்கவிட்டாள். வில் இம்மியும் இறங்கவில்லை. குழல் ஆணி அடித்ததுபோல நின்றது. பிள்ளை மூச்சுப் பிடித்துத் தள்ளியும் அசையவில்லை.

"பெரிய சூரை மீன் நிறுக்கிற தராசைக் கொண்டு வந்திருக்கிறன், மூதேவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். அங்கே இறால் நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி றம்ஸானின் கையிலிருந்து அந்தச் சின்னத் தராசைப் பறித்தாள். இறால் நிலமெல்லாம் சிதற, அவர் கத்தக் கத்தத் திரும்பி ஓடினாள். அந்த வில் மெத்தென்று இறங்கியது. துவக்கு நிலுஷாவின் தோளில் வந்து அமர்ந்தது.

முதல் வெடி கேட்டபோதுதான் ஜக்சன் மைதான வாசலுக்குள் வந்தான். தலையில் கட்டு, கண்ணில் கொலைவெறி. தராசைப் பிடுங்கி எறிய வந்தவன், அந்தச் சின்னச் சத்தத்துக்கே குப்புற விழுந்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "அண்ணா! அண்ணா!" என்று மண்ணுக்குள் அலறினான்.

நிலுஷா விரலை எடுத்துவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மரியமலர் ஓடிப்போய்ப் புருஷன்மேல் விழுந்து, மீன்வெடில் நாற்றம் போகாத கைகளால் அவன் காதுகளை இறுக்கிப் பொத்தினாள்.

"சுடு பிள்ளை! அப்பாவை நான் பிடிச்சிருக்கிறன், நீ சுடு!"

நிலுஷா சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் மரியமலருக்குக் கீழே அவன் உடம்பு துள்ளியது. கட்டு அவிழ்ந்து இரத்தம் அவள் விரலிடுக்கில் கசிந்தது. அவளும் அழுதாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

சத்தம் ஓய்ந்தது. ரீச்சர் குறிக்கடுதாசியைத் தூக்கிக் காட்டினார். ஓட்டைகள் எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள். பிள்ளை தெரிவாகிவிட்டாள். மரியமலர் மெதுவாகக் கையை எடுத்தாள்.

ஜக்சன் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆருக்குப் பட்டது?" என்று கேட்டான்.

"ஒருத்தருக்கும் இல்லையப்பா," என்றாள் நிலுஷா. "கடுதாசிக்குத்தான்."